ட்ரைபாட் ப்ளேட், எல்-பிராக்கெட்: எது வாங்கணும், எப்படி மாட்டணும் – முழுமையான வழிகாட்டி

மண்டபத்துல மேடைக்கு நேரா ட்ரைபாட் போட்டாச்சு. 24-70 லென்ஸ் மாட்டி, பால் ஹெட்ட (ட்ரைபாட் உச்சில கேமராவ தாங்கி எந்த பக்கமும் திரும்புற உருண்டை) ஒரு பக்கமா சாய்ச்சு கேமராவ வெர்டிகலா நிக்க வெச்சு, பொண்ணும் மாப்ளையும் தலையில இருந்து பாதம் வரைக்கும் வர்ற மாதிரி ஃப்ரேம் கட்டி ரெக்கார்ட் போட்டுட்டு, நான் இன்னொரு கேமரா பாடியோட சைடுக்கு போயிட்டேன். கெட்டிமேளம் கொட்டுது, அட்சதை பறக்குது, எல்லாம் முடிஞ்சு திரும்பி வந்து பாத்தா ஃப்ரேம்ல மாப்ள தலையும் இல்ல பொண்ணு தலையும் இல்ல, ஹோமகுண்டமும் ஐயரோட முழங்காலும் மட்டும் அம்சமா ஃபோகஸ்ல இருக்கு. கேமரா கொஞ்சம் கொஞ்சமா தலைய குனிஞ்சுகிட்டே போயிருக்கு.

கால் நகரல, பால் நழுவல. ப்ளேட்டுக்கும் (கேமரா அடியில மாட்டுற தகடு) கேமராவுக்கும் நடுவுல இருந்த அந்த ஒத்த திருகு லூஸ் ஆகி, கேமரா மட்டும் திரும்பிருச்சு. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு பேரம் பேசுன கதை தான், கார்பன் ஃபைபர் காலுக்கு காசு குடுத்த நான், பெட்டிக்குள்ள இலவசமா வந்த தகட்ட தான் அப்டியே மாட்டி வெச்சிருந்தேன். அதுக்கப்பறம் ப்ளேட், க்ளாம்ப் (ஹெட் மேல அந்த ப்ளேட்ட கவ்விப் பிடிக்கிறது), பிராக்கெட் னு நான் கத்துகிட்டது எல்லாத்தையும் இங்க வரிசையா எழுதுறேன். கொஞ்சம் நீளம் தான், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா படிச்சுருங்க.

ஒரு விஷயம் இப்பவே சொல்லிடுறேன். எல்லாரும் "என் கேமராவுக்கு எந்த ப்ளேட்?" னு கேப்பாங்க. முதல்ல கேக்க வேண்டியது "என் ஹெட்ல என்ன க்ளாம்ப் இருக்கு?" ங்கிறது தான். க்ளாம்ப முடிவு பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சுது, மீதி பாதி கேமரா திரும்பாம எப்படி பிடிக்கிறது ங்கிறது.

முதல் வேலை: மரைய புரிஞ்சுக்குங்க

கேமரா அடியில இருக்குற ஓட்டை கால் இஞ்ச், ஒரு இஞ்ச் நீளத்துக்கு 20 மரை. 1/4-20 னு எழுதுவாங்க. ட்ரைபாட் காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குறது பெரும்பாலும் 3/8-16, அதாவது முக்கால் இஞ்ச்ல பாதி, இஞ்ச்சுக்கு 16 மரை. சில பெரிய லென்ஸோட ஃபுட்லயும் (லென்ஸுக்கு அடியில நீட்டிகிட்டு இருக்குற கால்) சினிமா கேமராவுலயும் கூட இந்த பெரிய ஓட்டை இருக்கும். இந்த ரெண்டுக்கும் ஐ.எஸ்.ஓ 1222 னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்டே இருக்கு, அதனால தான் எந்த கம்பெனி கேமராவும் எந்த கம்பெனி ட்ரைபாட்லயும் உக்காருது.

நம்ம ஊர் ஹார்ட்வேர் கடைல இத 1/4-20 னு கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. "அண்ணே, ரெண்டு நூல் போல்ட் அரை இஞ்ச் நீளத்துல ஒன்னு குடுங்க" னு கேளுங்க, உடனே எடுத்து குடுப்பாரு. ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல், ஸோ கால் இஞ்ச் ரெண்டு நூல், 3/8 மூணு நூல். கடைல வர்றது பழைய விட்வொர்த் மரையா இருக்கலாம், அதோட மரை கோணம் 55 டிகிரி, கேமராவுல இருக்குறது 60 டிகிரி, ஆனா ரெண்டுலயும் இஞ்ச்சுக்கு 20 மரை தான் ங்கிறதால அவசரத்துக்கு வேலை நடக்கும். நான் ரிக் மாட்ட, லைட் ஸ்டாண்ட்ல க்ளாம்ப் மாட்ட எல்லாம் அதான் யூஸ் பண்றேன். கேமரா பாடிக்குள்ள மட்டும் போடுறது இல்ல.

இதுல ஒரு பொறி இருக்கு. எம்6 போல்ட். பாக்க அப்டியே ரெண்டு நூல் போல்ட் மாதிரியே இருக்கும், 6 மி.மீ தடிமன், ஆனா மரைக்கு மரை தூரம் 1 மி.மீ. கால் இஞ்ச் போல்ட் 6.35 மி.மீ, மரை தூரம் 1.27 மி.மீ. கொஞ்சம் சின்னதா இருக்குறதால ஓட்டைக்குள்ள லொடலொட னு ஈஸியா போகும், ரெண்டு சுத்து போனதும் இறுகுற மாதிரி தெரியும், "ஆஹா டைட் ஆயிருச்சு" னு நாம சந்தோஷப்படும்போது உள்ள மரை தேஞ்சுகிட்டு இருக்கும். கேமரா சாக்கெட் மரை போச்சுன்னா சர்வீஸ் சென்டர் தான். கையால சுத்தும்போது முதல் நாலு சுத்தும் ஒரே சீரா, ஆட்டம் இல்லாம போகணும். லொடலொட னாலும் வேணாம், பிடிச்சாலும் வேணாம், வெளிய எடுத்துருங்க.

அடுத்தது திருகோட நீளம். சோனி தன்னோட மேனுவல்ல 5.5 மி.மீ க்கு கம்மியா நீளம் உள்ள திருக யூஸ் பண்ண சொல்லுது. இந்த 5.5 ங்கிறது ப்ளேட்டுக்கு மேல நீட்டிகிட்டு இருக்குற பாகம், மொத்த திருகு நீளம் இல்ல. ப்ளேட்ட கைல வெச்சு திருக அடியில இருந்து முழுசா மேல தள்ளி, ரப்பர் இருந்தா ரப்பருக்கு மேல எவ்ளோ நிக்குது னு ஸ்கேல் வெச்சு பாருங்க. அதிகமா நீட்டிகிட்டு இருந்தா திருகு ஓட்டையோட அடில போய் முட்டி நின்னுரும், உங்களுக்கு டைட் ஆன மாதிரி தோணும், ஆனா ப்ளேட் கேமராவ அழுத்தவே அழுத்தாது, விரலால தள்ளுனா சுத்தும். இது பழைய ப்ளேட்ல இருந்து திருக கழட்டி புது ப்ளேட்ல போடுறவங்களுக்கு அடிக்கடி நடக்கும்.

ரெண்டாவது: உங்க ஹெட்ல இருக்குற க்ளாம்ப் என்ன சாதி

ஹெட்டோட பெட்டிய தேடாதீங்க, ஹெட்டையே பாருங்க. ப்ளேட்ட கழட்டிட்டு அது உக்காருற பள்ளத்த பாத்தா தெரிஞ்சுரும்.

ரெண்டு பக்கமும் உள்பக்கமா சாஞ்ச தாடை, ஒரு தாடை குமிழ திருகுனா நகருது, ப்ளேட் ரெண்டு முனையிலயும் திறந்தே இருக்குற பள்ளத்துல சறுக்கி போகுது, அப்டின்னா அது ஆர்கா டைப். ஆர்கா ஸ்விஸ் ங்கிறது ஒரு கம்பெனி பேரு, அவங்க போட்ட டிசைன மத்த எல்லாரும் எடுத்துகிட்டாங்க. ப்ளேட் அகலம் சுமாரா 38 மி.மீ, ஓரம் 45 டிகிரில சீவுன மாதிரி இருக்கும். "சுமாரா" ங்கிறத கவனிங்க, ஏன்னா இதுக்கு எழுதி வெச்ச ஸ்டாண்டர்ட் எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் அளவுக்கு வெட்றான், அந்த கால் மி.மீ அரை மி.மீ வித்தியாசம் தான் பின்னாடி நம்மள படுத்தும்.

சதுரமா ஒரு குழி, மேல இருந்து ப்ளேட்ட வெச்சு அமுக்குனா டப்புனு லீவர் தானா மூடுது, அப்டின்னா மேன்ஃப்ராட்டோ கம்பெனியோட ஆர்சி2 மாதிரி. இதுக்கு 200பிஎல் ப்ளேட். மாட்றது கழட்றது செம ஸ்பீடு, ஆனா ப்ளேட்ட முன்ன பின்ன நகத்த முடியாது, தவிர கொஞ்ச வருஷம் ஓடுனதும் லீவர் பக்கம் ஒரு சின்ன ஆட்டம் வரும். இப்ப 200பிஎல்-ப்ரோ னு ஒன்னு வருது, அது ஆர்சி2 லயும் உக்காரும், ஆர்கா க்ளாம்ப்லயும் உக்காரும். பழைய ஆர்சி2 ஹெட் வெச்சிருந்து மெல்ல ஆர்காவுக்கு மாறலாம் னு நெனைக்கிறவங்களுக்கு நல்ல பாலம்.

அகலமா, நீளமா, பின்னாடி இருந்து உள்ள தள்ளி பக்கவாட்டு குமிழ இறுக்குறது வீடியோ ஹெட்ல வர்ற 501 டைப். 501பிஎல், நீளமா வேணும்னா 504. இந்த மாதிரி வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட் விக்கிற பல கம்பெனிகள் இந்த அளவையே காப்பி அடிச்சிருக்காங்க.

இது எதுலயும் சேராம பிளாஸ்டிக்ல அந்த கம்பெனிக்கே னு தனியா ஒரு ஷேப்ல இருந்தா, அது தான் தலைவலி. நான் முதல்ல வாங்குன ட்ரைபாட் அது மாதிரி தான், ஒரு நாள் அவுட்டோர்ல ப்ளேட் எங்கயோ விழுந்து தொலஞ்சுது, ரிச்சி ஸ்ட்ரீட்ல கடை கடையா ஏறி இறங்குனேன், "அந்த மாடலே இப்ப வர்றதில்ல சார்" னு ஒரே பதில். ஒரு சின்ன தகடு இல்லாம முழு ட்ரைபாடும் துணி காயப்போட ஆயிருச்சு. உங்க கிட்ட அப்டி ஒன்னு இருந்தா புது ப்ளேட் தேடாதீங்க, ஹெட்ட மாத்துங்க, இல்லனா இருக்குற ப்ளேட் மேலயே ஒரு ஆர்கா க்ளாம்ப திருகி அத நிரந்தரமா விட்டுருங்க.

என் அபிப்ராயம் கேட்டா, ஃபோட்டோ எடுக்குறவங்க கண்ண மூடிகிட்டு ஆர்காவுக்கு போயிருங்க. லென்ஸ் ஃபுட், எல்-பிராக்கெட், ஃபோன் க்ளாம்ப், கேஜ் (கேமராவ சுத்தி மாட்டுற கூடு), ஸ்லைடர், கிம்பல் ஹெட் (கனமான லென்ஸ ஊஞ்சல் மாதிரி தாங்குற ஹெட்) னு எல்லாமே அந்த ஒரே ஷேப்ல கிடைக்குது. இன்னைக்கு ஆர்சி2, நாளைக்கு ஆர்கா, நாளன்னைக்கு 501 னு மூணு வகை பையில கிடந்தா, அவசரத்துல எது தேவையோ அது மட்டும் கைல சிக்காது.

மூணாவது: குமிழ் க்ளாம்ப்பா, லீவர் க்ளாம்ப்பா

ஆர்கா னு முடிவாயிருச்சுன்னா இந்த கேள்வி வரும். லீவர் ஒரு தட்டு தட்டுனா மூடிரும், பாக்க ஸ்டைலா இருக்கும். ஆனா அது ஒரு குறிப்பிட்ட அகலத்துக்கு செட் பண்ணது. மேல சொன்னேனே அரை மி.மீ வித்தியாசம், அது இங்க தான் வெளிய வரும். ஒரு கம்பெனி ப்ளேட்டுக்கு லீவர் மூடவே மூடாது, இன்னொரு கம்பெனி ப்ளேட்டுக்கு மூடும் ஆனா ப்ளேட் உள்ள நடனம் ஆடும். சில லீவர் க்ளாம்ப்ல அட்ஜஸ்ட் பண்ண சின்ன திருகு குடுத்திருப்பாங்க, அது இருந்தா பரவால்ல.

குமிழ் டைப் மெதுவா தான் வேலை செய்யும், ஆனா எந்த கம்பெனி ப்ளேட்டா இருந்தாலும் இறுக்கி பிடிச்சுக்கும். வேற வேற கம்பெனி சாமான் கலந்து வெச்சிருக்கவங்க, முக்கியமா புதுசா ஆரம்பிக்கிறவங்க குமிழுக்கே போங்க. லீவர் தான் வேணும்னா க்ளாம்பும் ப்ளேட்டும் ஒரே கம்பெனில எடுங்க. கடைக்கு போகும்போது உங்க கிட்ட இருக்குற எல்லா ப்ளேட்டையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு போய் ஒவ்வொன்னா மாட்டி, லீவர மூடி, கையால முறுக்கி பாருங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

நாலாவது: பாடிக்கு ப்ளேட்

இங்க ரெண்டு ரகம். எல்லா கேமராவுக்கும் பொதுவான சப்பை ப்ளேட் ஒன்னு, குறிப்பிட்ட மாடலுக்கு னே வெட்டுன ப்ளேட் ஒன்னு.

பொது ப்ளேட்ல மேல ரப்பரோ கார்க்கோ ஒட்டி இருக்கும். கேமரா திரும்பாம இருக்க அதுல இருக்குற ஒரே ஆதாரம் அந்த ரப்பரோட உராய்வு தான். சின்ன மிரர்லெஸ், சின்ன ப்ரைம் லென்ஸ் வரைக்கும் போதும். நம்ம ஊர் மே மாச வெயில்ல கார்ல வெச்சு எடுத்தா ரப்பர் இளகி பிசுபிசு னு ஆயிரும், அப்பறம் எவ்ளோ இறுக்குனாலும் கேமரா மேல ஒரு வழுக்கல் இருந்துகிட்டே இருக்கும். ரொம்ப தடியான பஞ்சு மாதிரி ரப்பர் இருந்தா அந்த ப்ளேட்ட எடுக்காதீங்க, லென்ஸ் முனைய விரலால தட்டுனா கேமரா ஸ்ப்ரிங் மாதிரி ஆடும். மெல்லிசா, கெட்டியா இருக்குற ரப்பர் நல்லது.

மாடலுக்கு னே வர்ற ப்ளேட்ல கேமரா அடியோட பின் ஓரத்தையோ முன் ஓரத்தையோ ஒட்டி ஒரு சின்ன உதடு மேல எழும்பி நிக்கும். கேமரா திரும்ப பாத்தா அந்த உதட்டுல முட்டி நின்னுரும். கைல எடுத்து பாக்கும்போது ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்குற அந்த ரெண்டு மி.மீ உதடு தான் நீங்க குடுக்குற காசுக்கு அர்த்தம். வீடியோ கேமரா, பெரிய பாடி சிலதுல திருகு ஓட்டைக்கு பக்கத்துல இன்னொரு சின்ன குருட்டு ஓட்டை இருக்கும், ப்ளேட்ல ஸ்ப்ரிங் வெச்ச ஒரு முளை இருந்தா அது அதுக்குள்ள போய் உக்காரும், வேலை அதே தான். உங்க கேமராவுல அந்த ஓட்டை இல்லாம, ப்ளேட்ல முளை மட்டும் இருந்தா அத அமுக்கி உள்ள தள்ளியோ கழட்டியோ விடுங்க, இல்லனா அடியில பெயின்ட்ட குத்தும்.

வாங்குறதுக்கு முன்னாடி கேமராவ தலைகீழா வெச்சு பாருங்க. பேட்டரி கதவு எங்க இருக்கு, ப்ளேட் மாட்டுனா அது முழுசா திறக்குமா, ஸ்க்ரீன கீழ் பக்கமா சாய்க்கும்போது ப்ளேட்ல இடிக்குமா. ஒவ்வொரு பேட்டரிக்கும் ப்ளேட்ட கழட்ட வேண்டி வந்தா அந்த ப்ளேட் எவ்ளோ நல்லதா இருந்தாலும் குப்பை தான்.

திருகோட தலையையும் பாத்துக்குங்க. வளையம் வெச்சதுன்னா கையாலயே திருகலாம், ஆனா கையால முழு இறுக்கம் கிடைக்காது, பலபேருக்கு அந்த வளையம் க்ளாம்புக்குள்ள மாட்டி ப்ளேட் சரியா உக்காராமயும் போகும். காசு போட்டு திருப்புற பிளவு பரவால்ல, நம்ம பழைய அஞ்சு ரூபா காயின் தடிமனா இருக்குறதால எல்லாத்துலயும் போகாது. அலன் கீ போடுற அறுகோண குழி தான் பெஸ்ட். பெரும்பாலும் 4 மி.மீ இல்லனா 5/32 இஞ்ச், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அஞ்சாவது: எல்-பிராக்கெட்

எல் எழுத்து மாதிரி மடிச்ச ப்ளேட். ஒரு கை கேமராவுக்கு அடியில, இன்னொரு கை இடது பக்கமா மேல ஏறும், ரெண்டு கைலயும் ஆர்கா ஓரம் வெட்டி இருக்கும். வெர்டிகல் வேணும்னா ஹெட்ட சாய்க்க வேணாம், கேமராவ கழட்டி பக்கவாட்டு கைய க்ளாம்ப்ல வெச்சா போதும்.

இது எதுக்கு னு முதல்ல எனக்கும் புரியல, ஹெட்ல தான் பக்கவாட்டுல ஒரு வெட்டு பள்ளம் குடுத்திருக்கானே, அதுல சாய்ச்சுக்கலாமே னு தான் நெனச்சேன். மண்டபத்துல நடந்தத அப்பறமா வீட்ல உக்காந்து திரும்ப செஞ்சு பாத்தப்ப தான் வெளங்குச்சு. பால் ஹெட்ட பள்ளத்துல சாய்ச்சா ப்ளேட் செங்குத்தா நிக்கும், திருகு படுத்துக்கும், முன்பக்கம் கனமா இருக்குற லென்ஸ் அந்த திருக அச்சா வெச்சு கீழ இறங்க பாக்கும். இதுல இன்னொரு கூத்து, கேமராவோட க்ரிப் மேல வர்ற மாதிரி சாய்ச்சா லென்ஸ் இறங்குற திசை திருகு கழல்ற திசை, க்ரிப் கீழ வர்ற மாதிரி சாய்ச்சா அது இறுகுற திசை. நான் அன்னைக்கு க்ரிப்ப மேல வெச்சிருந்தேன். மேளச் சத்தமும் ஒரு மணி நேர அதிர்வும் மிச்ச வேலைய பாத்துக்குச்சு. எல்-பிராக்கெட் இல்லாம சாய்ச்சே ஆகணும்னா க்ரிப் கீழ வர்ற பக்கம் சாய்ங்க, இலவச டிப்ஸ்.

எல்-பிராக்கெட்ல திருகு எப்பவும் அந்த சுமைய தனியா தாங்க வேணாம், ஏன்னா பக்கவாட்டு கை பாடிய ஒட்டி நிக்குது. அது போக கேமரா ட்ரைபாடோட நடு மையத்துக்கு மேலயே இருக்கும், சாய்ச்சு வெச்சா மொத்த வெயிட்டும் ஒரு கால் பக்கம் போய் காத்து அடிச்சா கவுந்துரும். வியூஃபைண்டர் உயரமும் கிட்டத்தட்ட மாறாது, பனோரமா எடுக்குறவங்க வெர்டிகல் ஃப்ரேம்ல ஹெட்ட சுத்தலாம். இப்ப ரீல்ஸுக்கு 9:16 கேக்காத கல்யாண வீடே இல்ல ங்கிறதால, வீடியோக்காரங்களுக்கும் இது இப்ப அத்தியாவசியம் ஆயிருச்சு.

எல்-பிராக்கெட்ட கண்டிப்பா மாடலுக்கு னே வர்றதா வாங்குங்க. பொது எல்-பிராக்கெட் னு ஒன்னு விப்பாங்க, அது பாடிய ஒட்டாம நிக்கும், ஒட்டலன்னா அந்த கைக்கு அர்த்தமே இல்ல. ஒரே பேரு வெச்ச கேமராவுல கூட அடுத்த தலைமுறை பாடி ஒரு மி.மீ மாறி இருக்கும், மார்க் டூ வுக்கு வாங்குனது மார்க் த்ரீ க்கு உக்காரும் னு நம்பாதீங்க.

கேமராவ கைல வெச்சுகிட்டு இதெல்லாம் ஒவ்வொன்னா செஞ்சு பாருங்க. பிராக்கெட்ட மாட்டி இடது பக்க ரப்பர் மூடியெல்லாம் திறங்க, மைக், எச்டிஎம்ஐ, சி-டைப் கேபிள் மூணையும் சொருகுங்க, கேமராவ வெர்டிகலா வெச்சா அந்த கேபிள் க்ளாம்ப்ல நசுங்குதா பாருங்க. பக்கவாட்டுல திறக்குற ஸ்க்ரீன் இருந்தா இது தான் பெரிய பஞ்சாயத்து, ஸ்க்ரீன வெளிய இழுத்து சுத்தும்போது அந்த கைல இடிக்கும். இதுக்காகவே பக்கவாட்டு கை வெளிப்பக்கமா சறுக்கி கொஞ்சம் இடைவெளி விடுற மாதிரி பிராக்கெட் எல்லாம் வருது, அத எடுங்க. இழுத்து வெச்சா பிடி கொஞ்சம் குறையும் ங்கிறதயும் ஞாபகம் வெச்சுக்குங்க, வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ள தள்ளிருங்க. பெல்ட் மாட்ட ஓட்டை இருக்கா, பாட்டம்ல அலன் கீ ஒட்டிக்க காந்தம் இருக்கா னு பாருங்க, சின்ன விஷயம் தான் ஆனா ரொம்ப உபயோகம்.

கிர்க், ரியலி ரைட் ஸ்டஃப் மாதிரி அமெரிக்க கம்பெனி பிராக்கெட் எல்லாம் அருமையா இருக்கும், ஷிப்பிங்கும் டூட்டியும் சேத்தா நெஞ்சு வலிக்கும். ஸ்மால்ரிக், லியோஃபோட்டோ, சன்வேஃபோட்டோ இதுல எல்லாம் நல்லாவே வேலை செய்றது கிடைக்குது. நான் மூணு வருஷமா யூஸ் பண்றது இந்த ரகம் தான், ஓரத்துல கருப்பு உரிஞ்சு வெள்ளி தெரியுதே தவிர வேற குறை இல்ல.

ஆறாவது: லென்ஸ் ஃபுட்

70-200 எஃப் 2.8 ல ஆரம்பிச்சு அதுக்கு மேல பெரிய லென்ஸ் பெரும்பாலும் காலரோட (லென்ஸ சுத்தி இருக்குற, ஃபுட்ட தாங்குற வளையம்) வரும். காலர் இருந்தா பாடில இருக்குற ப்ளேட்ட மறந்துருங்க, ஃபுட்ட தான் க்ளாம்ப்ல வைக்கணும். சோனி ஏ7-4 பாடி பேட்டரியோட 658 கிராம், 200-600 லென்ஸ் மட்டும் 2115 கிராம். பாடிய பிடிச்சு அந்த லென்ஸ தொங்க விட்டா மவுன்ட்டுக்கு வர்ற பளு என்ன னு நீங்களே யோசிச்சுக்குங்க.

டாம்ரான் 150-500 மாதிரி சில லென்ஸ்ல ஃபுட்டோட அடியே ஆர்கா ஷேப்ல வெட்டி வருது, ப்ளேட்டே தேவையில்ல. அப்டி இல்லாத லென்ஸுக்கு ரெண்டு வழி: ஃபுட் அடியில ஒரு நீள ப்ளேட்ட திருகுறது, இல்லனா ஃபுட்டையே கழட்டிட்டு ஆர்கா வெட்டுன மாத்து ஃபுட் போடுறது. ரெண்டாவது தான் நல்லது, ஒரு இணைப்பு குறையும், உயரமும் குறையும். முதல் வழின்னா ப்ளேட்ட ரெண்டு திருகு போட்டு மாட்டுங்க, ஃபுட்ல ரெண்டு ஓட்டை இருந்தா. ஒரே ஓட்டை தான்னா, ப்ளேட்டோட ரெண்டு பக்கமும் நகத்தி ஃபுட்ட ஒட்டி வைக்கிற தடுப்பு இருக்குறதா வாங்குங்க.

நீளம் எவ்ளோ வேணும் ங்கிறது லென்ஸ பொறுத்து. பாடியோட லென்ஸ க்ளாம்ப்ல வெச்சு குமிழ கொஞ்சம் லூஸ் பண்ணி முன்ன பின்ன நகத்துங்க, கைய எடுத்தா எந்த பக்கமும் சாயாம நிக்கிற இடம் தான் பேலன்ஸ். ஜூம் பண்ணா நீளாத லென்ஸ்ல அந்த இடம் பெருசா மாறாது, சின்ன ப்ளேட் போதும். தும்பிக்கை மாதிரி வெளிய நீள்ற லென்ஸ்ல ஒவ்வொரு ஜூமுக்கும் இடம் மாறும், நீள ப்ளேட் வேணும். ரெண்டு முனையிலயும் தடுப்பு திருகு இருக்கானு பாருங்க, வேடந்தாங்கல்ல வாட்ச் டவர் மேல நின்னுகிட்டு குமிழ லூஸ் பண்ணும்போது லென்ஸ் சறுக்கி வெளிய போகாம அந்த அரிசி அளவு திருகு தான் காப்பாத்தும். ஆனா சில க்ளாம்ப்ல அந்த திருகு இடிச்சுகிட்டு ப்ளேட் சமமா உக்காராது, ஆளாளுக்கு பாத்துக்க வேண்டியது தான்.

ஏழாவது: திசை – இதுல தான் பாதி பேர் ஏமாறுறாங்க

பாடி ப்ளேட்ல ஆர்கா ஓரம் இடது வலதா ஓடும். லென்ஸ் ப்ளேட்ல லென்ஸ் பாக்குற திசைலயே ஓடும். பால் ஹெட்ல இது ஒரு பிரச்சினையே இல்ல, க்ளாம்ப 90 டிகிரி சுத்திகிட்டா முடிஞ்சுது. ஆனா கிம்பல் ஹெட்லயும் ஆர்கா க்ளாம்ப் வெச்ச ஃப்ளூயிட் ஹெட்லயும் பள்ளம் முன்ன பின்னயே தான் ஓடும், சுத்த முடியாது. எல்-பிராக்கெட்டோட கேமராவ அதுல வெச்சா கேமரா மேடைய பாக்காம சமையல் கட்ட பாத்துகிட்டு நிக்கும்.

இதுக்கு தீர்வு சதுர ப்ளேட். பீக் டிசைன் ப்ளேட், ஃபால்கேம் எஃப்38 ப்ளேட் எல்லாம் நாலு பக்கமும் ஒரே மாதிரி, எந்த பக்கமும் மாட்டலாம். இல்லனா 90 டிகிரி திருப்பி வெச்ச ஒரு குட்டி க்ளாம்ப் தனியா கிடைக்கும், அத ஃப்ளூயிட் ஹெட் மேல நிரந்தரமா மாட்டிருங்க.

501 ஹெட் இருக்குறவங்க ஆர்காவுக்கு மாற, 501 ப்ளேட் மேலயே ஆர்கா க்ளாம்ப் ஒன்ன ரெண்டு திருகு போட்டு மாட்டிக்கலாம். நான் அப்டி தான் வெச்சிருக்கேன். ஆனா கோபுரம் கட்டாதீங்க. 501 ப்ளேட், அதுக்கு மேல க்ளாம்ப், அதுக்கு மேல ஃபால்கேம் அடி, அதுக்கு மேல கேஜ், அதுக்கு மேல கேமரா னு ஒரு தம்பி வெச்சிருந்தான், ஒவ்வொரு இணைப்புலயும் ஒரு தலைமுடி ஆட்டம் இருந்தா கூட லென்ஸ் முனைல அது விரல் அளவு ஆட்டமா தெரியும். ஹெட்ட பான் பண்ணி நிறுத்துனா கேமரா கொஞ்சம் லேட்டா வந்து நிக்குது. கேஜோட அடியே ஆர்கா வெட்டா இருந்தா நடுவுல எதுவுமே வேணாம், நேரா வைங்க.

எட்டாவது: மாட்றது

ப்ளேட்டையும் கேமரா அடியையும் காஞ்ச துணியால துடைங்க. ஒரு மணல் துகள் இருந்தா கூட ப்ளேட் சமமா உக்காராது. கேமராவ தலைகீழா மடில வெச்சு, திருக கையாலயே கடைசி வரைக்கும் சுத்துங்க, உதடு ஓரத்த ஒட்டி நிக்குதா பாருங்க, அப்பறம் அலன் கீயோட குட்டை பக்கத்த கைல பிடிச்சு இறுக்குங்க. நீள பக்கத்த பிடிச்சா லிவரேஜ் அதிகம், நம்ம கை பலத்துக்கு சாக்கெட்டையே பிடுங்கிரும். கார் டயர் மாத்துற வேகம் இங்க வேணாம். கேமராவுக்குள்ள போற மரைல லாக்டைட் மாதிரி பசை எதுவும் போடாதீங்க, க்ளாம்பையும் ஹெட்டையும் சேக்குற திருகுக்கு வேணும்னா நீல கலர் மட்டும் ஒரு சொட்டு.

இப்ப சோதனை. க்ளாம்ப்ல வெச்சு பூட்டிட்டு, ட்ரைபாட பிடிக்காம கேமராவ மட்டும் ரெண்டு கையால பிடிச்சு ஸ்டியரிங் திருப்புற மாதிரி முறுக்குங்க. ஹெட் சேந்து திரும்பணும், கேமரா மட்டும் திரும்பக் கூடாது. "டக்" னு ஒரு சத்தம் கேட்டா ப்ளேட் லூஸ் இல்லனா க்ளாம்ப் லூஸ். எது னு தெரிய, ப்ளேட்டும் கேமராவும் சேர்ற இடத்துல ஒரு சின்ன மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டுக்கும் குறுக்க பேனாவால ஒரு கோடு போடுங்க. கோடு உடைஞ்சு விலகி நின்னா திருகு தான் குற்றவாளி. அந்த கோடு இப்பவும் என் கேமராவுல இருக்கு, மண்டபத்துல ரெக்கார்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு பார்வை அங்க போயிட்டு தான் வரும்.

மெரினா, ராமேஸ்வரம் மாதிரி கடல் பக்கம் போயிட்டு வந்தா ப்ளேட்ட கழட்டி நல்ல தண்ணில கழுவி காய வைங்க. அலுமினியம் தாங்கும், ஸ்டீல் திருகு தான் உப்புல பிடிச்சுக்கும். ஒரு வருஷம் கழட்டாம விட்ட ப்ளேட்ட கழட்டுறதுக்கு நான் பட்ட பாடு தனி கதை. மாசத்துக்கு ஒரு தடவ கழட்டி துடைச்சு மாட்டுனா போதும்.

பட்ஜெட் கம்மியா இருந்தா எத முதல்ல

ஹெட்ல நல்ல குமிழ் க்ளாம்ப் முதல்ல. அப்பறம் அதிகமா யூஸ் பண்ற பாடிக்கு அந்த மாடல் எல்-பிராக்கெட், தனியா பாடி ப்ளேட் வாங்கவே வேணாம், பிராக்கெட்டோட அடியே ப்ளேட் தான். மூணாவதா பெரிய லென்ஸுக்கு ஃபுட். ஃபோன் க்ளாம்ப் வாங்குனா அடியில ஆர்கா வெட்டு இருக்குறதா பாத்து எடுங்க, அப்ப ப்ளேட் மாத்தாமயே கேமராவ எடுத்துட்டு ஃபோன வெச்சுரலாம். ரெண்டாவது பாடிக்கு பொது ப்ளேட் ஒன்னு போதும், அதுவும் உதடு இருக்குறதா கிடைச்சா நல்லது.

கூடவே 4 மி.மீ அலன் கீ ரெண்டு வாங்கி, ஒன்ன ட்ரைபாட் கால்ல கருப்பு இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிருங்க. இன்னொன்னு பைல. கால்ல ஒட்டுனது மட்டும் தான் தேவைப்படும்போது கைல சிக்கும்.